மகள் பார்த்துக்கொண்டிருந்த வீடு

சீட்டு விளையாடுகிறவன் உருப்படமாட்டான் என்று என்னுடைய தகப்பனார் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சொல்லைக் கேட்டு ஓய்வுபெறும்வரை நான் சீட்டைத் தொடவில்லை. அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்து கோப்புகளைக் கட்டி அவிழ்த்து, மகனை லண்டனுக்கு அனுப்பி, மனைவியைச் சுடலைக்கு அனுப்பிய பிறகு பார்த்தால், உருப்பட வேண்டியதெல்லாம் உருப்பட்டு முடிந்து, பின்னேரம் மட்டும் மிச்சமாகக் கிடந்தது. சாவகச்சேரிப் பக்கத்தில் பின்னேரம் என்பது லேசில் கழிகிற சாமான் இல்லை. வெயில் தாழாது. ரீவியில் ஒருத்தி மாறி ஒருத்தி அழுவாள். கைபேசியைத் திறந்தால் யாரோ எவரோ அனுப்பிய ரோசாப்பூவும் காலை வணக்கமும் வந்து கிடக்கும். பின்னேரம் நாலு மணிக்குக் காலை வணக்கத்தை வைத்துக்கொண்டு மனுசன் என்ன செய்கிறது?

அப்படியிருக்கத்தான் மாஸ்டர் என்னைச் சீட்டுக்குக் கூப்பிட்டார். எங்கள் ஒழுங்கையின் முடிவில் இருந்தவர் அவர். பெரிய பள்ளிக்கூடமொன்றில் தலைமை ஆசிரியராக இருந்து இளைப்பாறியவர். அந்தக் காலத்தில் அவர் ரோட்டில் நடந்து வந்தால் சைக்கிளில் போகிறவன் இறங்கி உருட்டிக்கொண்டு போவான். மனைவி காலமாகிவிட்டார். மகன் ஜேர்மனி, மகள் கனடா. அத்தனை பெரிய வீட்டில் ஒற்றை மனுசன். சமைத்துக் கூட்டித் துடைக்க ஒரு அம்மா காலையில் வந்து, மத்தியானச் சாப்பாட்டோடு போய், விளக்கு வைக்கிற நேரம் திரும்பி வருவார்.

நாலு பேர் சேர்ந்தோம். மாஸ்டரும் நானும் ஒரு பக்கம். பஸ் ஓட்டி இளைப்பாறிய டிரைவரும் சைக்கிள் கடைக்காரரும் மற்றப் பக்கம். முந்நூற்றிநாலு விளையாட்டு. ஒருவன் துரும்புச் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கள்ளப் பூனைபோல இருப்பான், மற்றவர்கள் அதைக் கண்டுபிடிக்க மண்டையை உடைக்க வேண்டும். மாஸ்டர் கணக்கிலே புலி. ஆனால் சீட்டிலே மொக்கு, சொல்லி வேலையில்லை. அறப்படித்த மூஞ்சூறு கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான். அவரைப் பங்காளியாக வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

தோற்ற பக்கத்தில் ஆட்டத்தைக் கெடுத்தவன் காதில் எதையாவது தொங்கவிட வேண்டும் என்பது எங்கள் பக்கத்துச் சீட்டுக்காரரின் பழைய வழக்கம். நாங்கள் உடுப்புக் காயப்போடுகிற பிளாஸ்டிக் கிளிப்பைக் கொழுவினோம். அடுத்த ஆட்டத்தில் வென்றால் கழற்றலாம். தோற்றால் மற்றக் காதுக்கும் ஒன்று. மாஸ்டர் அநேகமாக இரண்டு காதிலும் கிளிப்போடுதான் தேத்தண்ணி குடிப்பார். டிரைவர் தொடையில் அடித்துச் சிரிப்பார், மாஸ்டர் அவரைவிடச் சத்தமாகச் சிரிப்பார். காதில் கிளிப் கிடந்தால்தான் தன்னை ஒருத்தரும் மாஸ்டராகப் பார்ப்பதில்லை என்றும், அது எவ்வளவு சுகம் என்று எனக்கு விளங்காது என்றும் ஒருநாள் சொன்னார். அவருடைய நாள் அந்தப் பின்னேரத்தில்தான் விடியும். மிச்ச நேரமெல்லாம் அதற்குக் காத்திருக்கிற நேரம். அதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. கேற்றடியில் எங்களை எதிர்பார்த்து அவர் நிற்கிற நிலையைக் கண்டவனுக்குத் தெரியும்.

பிறகு அவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். பெரிய காயமில்லை, இடுப்பில் அடி. ஆனால் மகள் பயந்துபோனாள். யாழ்ப்பாணத்திலிருந்து ஆட்கள் வந்து ஹோலிலும் குசினியிலும் கேற்றடியிலும் கமெரா பூட்டிவிட்டுப் போனார்கள். ஹோலில் பூட்டியது வெள்ளையாக, ஒரு தேங்காய்க் குரும்பை அளவில், கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற சாதி. அதற்குள்ளால் கதைக்கவும் முடியும். முதல் நாள் சுவருக்குள்ளிருந்து "அப்பா" என்று குரல் வந்தபோது மாஸ்டர் எழும்பி வாசலுக்குப் போய்ப் பார்த்தார். மகள் வந்துவிட்டாள் என்றுதான் நினைத்தாராம்.

மகளைக் குறைசொல்ல முடியாது. அங்கே விடியக் காலையில் வேலைக்கு வெளிக்கிடுகிற நேரம்தான் எங்களுக்குப் பின்னேரம். சீப்பால் தலை இழுத்துக்கொண்டே தகப்பனைப் பார்ப்பாள். எங்களையும் மாமா, மாமா என்று சுகம் விசாரிப்பாள். நாங்களும் சுவரைப் பார்த்துப் பல்லிளித்துப் பதில் சொல்லப் பழகினோம். ஒரு கண் மேலே இருந்து பார்க்கும்போது சீட்டை ஒளித்துப் பிடிக்கிறது கஷ்டமாக இருக்கிறது என்று டிரைவர் மட்டும் முணுமுணுத்தார். மாஸ்டருக்கு அதுகூடப் பெருமைதான். பிள்ளை கனடாவிலிருந்து தன் விளையாட்டைப் பார்க்கிறாள் என்று கொஞ்சம் நிமிர்ந்து இருப்பார்.

ஒருநாள் அவருக்குச் சனி உச்சத்தில் நின்றது. தொட்டதெல்லாம் தோல்வி. காது இரண்டிலும் கிளிப், அதற்கு மேலே மூக்கிலும் ஒன்றைக் கொழுவிவிட்டு டிரைவர் உருண்டு உருண்டு சிரிக்கிறார். அந்த நேரம் பார்த்து மகள் கைபேசியைத் திறந்திருக்கிறாள். எங்களோடு ஒரு சொல்லும் கதைக்கவில்லை. கண்டதைப் படமாகப் பிடித்து, குடும்பத்தார் எல்லாரும் இருக்கிற குறூப்பில் போட்டு, அப்பாவுக்கு என்ன நடக்கிறது என்று கேட்டிருக்கிறாள். கேட்டதுதான் தாமதம், சுவிசில் ஒரு சித்தப்பா, நோர்வேயில் ஒரு மச்சாள், ஆளுக்கொரு வைத்தியம் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். மாஸ்டருக்கு மூளை தளர்ந்துவிட்டதாம். ஊரில் வேலைவெட்டி இல்லாதவர்கள் அவரைக் குரங்காக ஆட்டுகிறார்களாம். வேலைவெட்டி இல்லாதவர்கள் நாங்கள்தான்.

அவள் எனக்குத்தான் அழைப்பெடுத்தாள். அது விளையாட்டு, தோற்றவன் போடுகிறது, நாளைக்கு என்னால் ஆட்டம் தோற்றால் நானும் போடுவேன் என்று எவ்வளவோ சொன்னேன். அவளுக்கு ஏறவில்லை. அவள் வளர்ந்த வீட்டில் சீட்டுக்கட்டே இருந்ததில்லை, தகப்பன் சிரித்து அவள் கண்டதுமில்லை.

"உங்களுக்கு அது விளையாட்டு, மாமா. எங்கடை அப்பாவை இந்த ஊரே எழும்பி நிண்டு கும்பிட்டது. அவரை அப்பிடிப் பாக்க என்னாலை ஏலாது" என்றாள். குரல் உடைந்து அழுதாள். எனக்குக் கொதி ஏறியது. அழுகிற பிள்ளையோடு என்னத்தைக் கதைக்கிறது? போனை வைத்துவிட்டேன்.

அடுத்த நாள் கேற்றில் பூட்டுத் தொங்கியது. அதன் திறப்பு, சமைக்கிற அம்மாவின் கையில். அவர் பாவம், சம்பளம் தருகிறவர்கள் சொன்னதைச் செய்கிறார். நாங்கள் மூவரும் வெயிலுக்குள் நின்று கம்பிக்குள்ளால் பார்த்தோம். மாஸ்டர் விறாந்தைவரை வந்தார். பிள்ளைகளின் மனம் நோகக்கூடாது என்றும், கொஞ்ச நாள் போகட்டும் என்றும், எங்களைப் பார்க்காமல் படிக்கட்டைப் பார்த்துச் சொன்னார். ஒரு பள்ளிக்கூடத்தையே பிரம்பில்லாமல் ஆண்ட மனுசன், தன்னுடைய கேற்றைத் திறக்கச்சொல்லிக் கேட்கவில்லை. அதைப் பார்த்து எனக்கு அவர்மேலேயும் ஆத்திரம் வந்தது.

பொழுதுபோகட்டும் என்று மகள் ஒரு டப்லெட் அனுப்பினாள். அதற்குள்ளே சீட்டு விளையாட்டு இருந்ததாம், மெசினோடு விளையாடலாமாம். மாஸ்டர் அதைப் பெட்டியோடு ரீவிக்கு மேலே வைத்துவிட்டார். அவர் காட்டிய எதிர்ப்பு ஒன்றே ஒன்றுதான். மகள் சுவருக்குள்ளிருந்து கூப்பிட்டால் பதில் சொல்வதை நிறுத்திக்கொண்டார். ஹோல் கதிரையில் கமெராவுக்கு முன்னாலேயே இருப்பார், தலையை நிமிர்த்த மாட்டார். சாப்பிட்டியளோ அப்பா, மருந்து போட்டியளோ அப்பா என்று அவள் கேட்டுக்கேட்டுக் களைப்பாள். பிறகு சமைக்கிற அம்மாவுக்குப் போனெடுத்து, சாப்பிட்டாரா என்று அவரிடம் கேட்பாள். இப்படி மாதக்கணக்காக நடந்ததை அந்த அம்மாதான் எனக்குச் சொன்னார். அந்த வீட்டுக்காரர் எல்லாருக்கும் பிடிவாதம் கொஞ்சம் கூட.

நான் பின்னேரத்தில் மாஸ்டருக்குப் போனெடுப்பேன். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் "இருக்கிறன்" என்பார். தொடக்கத்தில் அதற்குப் பிறகும் ஏதாவது சொல்வார், டிரைவரின் சர்க்கரை எப்படி, சைக்கிள் கடைக்காரரின் மகளுக்குக் கலியாணம் சரிவந்ததா என்று கேட்பார். வரவர அந்த ஒரு சொல்லோடு நின்றுவிட்டது. நாங்கள் மூன்று பேர் சேர்ந்து என்ன விளையாடுகிறது? டிரைவர் ரீவிக்குப் போனார். சைக்கிள் கடைக்காரர் கடைக்குப் போனார். நான் என் வீட்டு வாசலில் இருந்து ஒழுங்கையைப் பார்த்தேன்.

போன மாசியில் ஒருநாள், விளக்கு வைக்கிற நேரம், மாஸ்டர் வீட்டுப் பக்கம் அந்த அம்மா குழறி அழுகிற சத்தம் கேட்டது. ஓடிப்போனேன். கேற் திறந்து கிடந்தது. மாஸ்டர் அதே கதிரையில், தலை ஒரு பக்கம் சரிந்து, ஒரு காலில் செருப்போடு இருந்தார். உடம்பு குளிர்ந்துவிட்டது. வந்து பார்த்த டாக்குத்தர் நெஞ்சு நோவு என்றார், கொஞ்சம் முந்திக் கண்டிருந்தால் பார்த்திருக்கலாம் என்றார். ஆசுபத்திரி கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

மகள் பறந்து வந்தாள். மகனுக்கு வரமுடியவில்லை, ஜேர்மனியிலிருந்து படத்தில் பார்த்தார். செத்த வீட்டில் வீடியோக்காரன் எங்களை ஒதுங்கி நிற்கச் சொன்னான், வெளிநாட்டிலே பார்க்கிறவர்களுக்கு நாங்கள் மறைக்கிறோமாம். ஒதுங்கினோம். ஊரெல்லாம் ஒரே கதைதான். காலையும் மாலையும் கமெராவில் பார்த்தவள் தகப்பன் செத்ததைக் காணவில்லையாம், மனுசன் மகளோடு கோபத்தோடே போய்விட்டாராம். அவளுடைய காதுக்கும் அது போயிருக்கும். யாழ்ப்பாணத்தில் எந்தக் கதை யாருடைய காதுக்குப் போகாமல் விட்டது? நானும் அவளை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று, கட்டிலில் கிடந்து சொற்களை அடுக்கி வைத்திருந்தேன்.

எட்டுச்செலவுச் சடங்கு முடிந்து சனம் கலைந்த பிறகு அவளே என்னை ஹோலுக்குள் கூப்பிட்டாள். மெலிந்து போயிருந்தாள். சின்னதில் என் வீட்டு மாமரத்தில் கல்லெறிந்து அகப்பட்ட அதே முகம். எனக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள். தான் நிலத்தில் இருந்தாள். அன்றைக்கு வேலைக்கு வெளிக்கிடுகிற அந்தர அவசரத்தில் தகப்பனைக் கூப்பிட்டதையும், பிறகு வேலைக்கு நடுவில் திறந்து பார்த்தபோது அவர் தலையைச் சரித்துக்கொண்டு இருந்ததையும், நித்திரை என்று நினைத்ததையும் சொன்னாள். அழவில்லை.

"அப்பா என்னோடை கோவத்தோடை போனவர் எண்டு சனம் சொல்லுது. அண்ணையும் போனிலை அதைத்தான் சொன்னவர். அது பொய், மாமா" என்றாள். "அண்டைக்கு நான் கூப்பிட, அப்பா என்னை நிமிந்து பாத்தவர். எத்தினை மாதத்துக்குப் பிறகு. கையும் காட்டினவர். நான் சந்தோசத்திலை அழுதுகொண்டுதான் வேலைக்குப் போனனான். உங்களுக்குத்தான் அப்பாவைத் தெரியும், பாத்துச் சொல்லுங்கோ."

கைபேசியை நீட்டினாள். கமெரா பதிந்து வைத்த படம். கதிரையில் மாஸ்டர். சுவருக்குள்ளிருந்து அவளுடைய குரல், அப்பா, சாப்பிட்டியளோ என்று. அவர் தலையை மெல்ல மெல்ல நிமிர்த்துகிறார். நேரே பார்க்கிறார். வாய் திறக்கிறது, சத்தம் வரவில்லை. வலக்கை கதிரைச் சட்டத்திலிருந்து எழும்பி, காற்றில் நின்று நடுங்கி, விழுகிறது. அவள் அந்த முகத்தையும் அந்தக் கையையும்தான் பார்த்திருக்கிறாள். நான் மற்றக் கையைப் பார்த்தேன். அது சேட்டுத் துணியை நெஞ்சோடு கசக்கிப் பிடித்திருந்தது. கீழே அவருடைய இடது கால், கழன்றுபோன செருப்பை நிலத்தில் தடவித் தடவித் தேடியது. எழும்பப் பார்க்கிறார். அவளைக் கூப்பிடுகிறார். "சரி அப்பா, நான் வேலைக்குப் போட்டு வாறன்" என்று அவளுடைய குரல் சந்தோசமாகச் சொல்கிறது. படம் முடிந்தது.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோவம் ஆறினபடியாலைதானே, மாமா?"

அடுக்கி வைத்த சொற்களையெல்லாம் விழுங்கினேன்.

"ஓம் பிள்ளை" என்றேன். "கோவம் ஆறித்தான் நிமிந்து பாத்திருக்கிறார்."

அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். செத்த வீட்டில்கூட அழாதவள் விம்மி விம்மி அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கைபேசியை எடுத்தாள். மாமாவே பார்த்துச் சொல்லிவிட்டார், இனி அண்ணையும் நம்புவார், அவருக்கும் இந்தப் படத்தை அனுப்பிவிடுகிறேன் என்றாள். வேண்டாம் பிள்ளை என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அனுப்பிவிட்டாள்.