மேடம் மனசு கோணாமல் போட்ட எண்கள்

நான் திருவண்ணாமலையில் வீட்டிலேயே துணி தைக்கிறேன். ஆறு வருடமாக இடுப்பு வலி. மாத்திரை மட்டும் போதாது என்று, வலியால் வரும் கோபத்தையும் பயத்தையும் சமாளிக்கக் கற்றுத்தரும் ஆலோசகர் மேடத்திடம் டாக்டர் அனுப்பினார். மேடம் வாராவாரம் ஒரு தாள் தருவார். வலி எவ்வளவு, கோபம் எவ்வளவு என்று பத்துக்குள் எண் போட வேண்டும்.

அவ்வளவு அன்பாகப் பேசுகிறவர் மனசு கோணக் கூடாதே என்று, எண்களைக் குறைத்துக்கொண்டே வந்தேன். ஐந்தாவது வாரம் கோபத்துக்குப் பூஜ்யம் போட்டேன்.

"நல்லாயிட்டீங்கம்மா. இனிமே வர வேணாம்" என்றார். வலியும் கோபமும் அப்படியேதான் இருந்தன. ஆனாலும் நன்றி சொல்லிவிட்டு எழுந்தேன்.

கூட்டிப்போக வந்த என் வீட்டுக்காரர் மேஜையில் இருந்த தாளை எட்டிப் பார்த்தார். "பூஜ்யமா? நேத்து சாம்பார்ல உப்பு ஜாஸ்தின்னேன். தட்டு பறந்துச்சு மேடம்!"

வெட்கத்தில் அழுதுவிட்டேன். மேடம் சிரிக்கவில்லை. "இது நீங்க எனக்குப் போடற மார்க் இல்லம்மா. நிஜத்தை எழுதினாதான் எதை மாத்தணும்னு எனக்குத் தெரியும்" என்று புதுத் தாள் தந்தார். வலி எட்டு, கோபம் ஒன்பது என்று எழுதினேன். பயிற்சியை மறுபடி ஆரம்பித்தோம். அந்த இருவருக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

மேடம் முகத்தைப் பார்த்தால் என் கை மாற்றி எழுதிவிடும். அதனால் இப்போதெல்லாம் தினமும் தையல் மெஷினை மூடும்போதே காலண்டரில் எண்களைக் குறித்துவிடுகிறேன். போன வாரம் வலி ஏழு, கோபம் மூன்று. வலி பெரிதாகக் குறையவில்லைதான். ஆனால் அந்த மூன்று நிஜம். என் வீட்டுக்காரரே சாட்சி சொல்வார்.