அரிஷ்டமும் அண்ணாச்சியும்

அறுபதுகளில் தாராவியில் மக்கள் உரிமைச் சங்கம் ஒன்று இருந்தது. அதன் தலைவர் ஒட்டடைக்கம்பு போல இருப்பார். பஸ் கண்டக்டர் உள்ளே நகரச் சொன்னால்கூட, “எந்தச் சட்டப்படி?” என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வார்.

அப்போது பம்பாயில் மதுவிலக்கு. அஜீரணத்துக்கு அரிஷ்டம் வாங்கிக்கொண்டு மாஹிம் வழியாக வந்த என்னை ஹவல்தார் ஒருவர் நிறுத்தினார். பாட்டிலை முகர்ந்தார், சாராயம் என்று முடிவுகட்டி லாக்கப்பில் தள்ளிவிட்டார். நான் அழுத அழுகைக்கு, உள்ளே இருந்த நிஜக் குடிகாரர்கள் ஆறுதல் சொன்னார்கள்.

விஷயம் கேள்விப்பட்டுத் தலைவர் வந்தார். அவர் பேச்சைத் தாங்க முடியாமல் இன்ஸ்பெக்டர், “அச்சா பாபா, லே ஜாவ்!” என்று, என்னைக் கூட்டிப் போகும்படி கதவைத் திறக்கச் சொன்னார். நான் செருப்பைத் தேடினேன்.

“இரும் வே!” என்றார் தலைவர். “அவரு சும்மா விட்டா நீரும் சும்மா போயிருவீரோ? பிடிச்சது தப்புன்னு சொல்லட்டும்.”

“தப்பு என்னுதாவே இருக்கட்டும் அண்ணாச்சி. வயிறு கடமுடாங்கு, வீட்டுக்குப் போறேன்.”

“வயிறு உம்ம சொந்த விஷயம். உரிமை சங்கத்து விஷயம்.”

தலைவரும் இன்ஸ்பெக்டரும் மறுபடி வாக்குவாதத்தில் இறங்கியதும் நான் நைசாக நழுவிவிட்டேன். போலீஸ் போகச் சொல்லியும், காப்பாற்ற வந்தவரிடமிருந்து தப்பி ஓடிய கைதி நான் ஒருவன்தான்.

மறுநாள் தலைவர் என் அரிஷ்டப் பாட்டிலோடு வீட்டுக்கே வந்தார். “இன்ஸ்பெக்டர் மன்னிப்புக் கேட்டுட்டாரு வே. கேக்கத்தான் நீரு இல்ல.”

அதன்பின் எங்கள் ஆட்களின் பாட்டில்களை அந்த ஸ்டேஷன்காரர்கள் முகர்ந்ததே இல்லை. அவரை நினைத்தால் இன்றும் கும்பிடத் தோன்றுகிறது, சற்றுத் தூரத்தில் நின்று.