சோற்றுப் பருக்கையால் ஒட்டிய பேட்ஜ்

விழுப்புரத்தில் எங்கள் எதிர்வீட்டுப் பெண் ப்ளஸ் டூ முடித்திருக்கிறாள். போன வாரம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஒரு கல்லூரி நோட்டீஸோடு வந்து, "ஆன்ட்டி, நியூக்ளியர் மெடிசின் டெக்னாலஜி படிச்சா இன்னா வேலைக்குப் போலாம்?" என்றாள். ஆயுசு முழுக்க அந்த வேலையே பார்த்தவளைக் கேட்டால் விடுவேனா? பெட் ஸ்கேன் பிரிவு, நோயாளிக்குக் கொடுக்கும் கதிர்மருந்து தயாரிக்கிற லேப், கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி, மெஷின் கம்பெனி, வெளிநாடு என்று விரல் மடக்கி அடுக்கினேன். பெண் பூரித்துப் போனாள். அவள் அம்மா மட்டும் கிளம்பும்போது வாசலில் நின்று, "அந்தக் கதிரு ஒடம்ப ஒண்ணும் பண்ணாதுங்களே?" என்றாள். எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

எண்பதுகளில் விரல் மடக்க வழியில்லை. பி.எஸ்ஸி. பிசிக்ஸ் முடித்து, பம்பாயில் ஒரு வருஷம் பயிற்சி எடுத்து வந்தால், அந்தப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மதராஸில் ஒன்றில் தற்காலிக வேலை கிடைத்தது. ஆறு மாதம் பெயர் கெடாமல் இருந்தால் நிரந்தரம். இல்லையென்றால் திண்டிவனத்துக்குத் திரும்பி டியூஷன் எடுக்க வேண்டியதுதான்.

அந்தப் பிரிவின் ஸ்பிரிட் வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. ஸ்கேனர் நோயாளியின் கழுத்துக்கு மேல் வரிவரியாக நகர்ந்து, டக்டக்கென்று காகிதத்தில் புள்ளி குத்தும். புள்ளிகள் சேர்ந்து சேர்ந்து தைராய்டின் உருவம் எழும்பி வரும். எனக்கு அதைப் பார்க்கச் சலிக்கவே சலிக்காது.

எல்லோரும் நெஞ்சில் ஒரு பேட்ஜ் குத்தியிருப்போம். உள்ளே கருப்புத் தாளில் சுற்றிய சின்ன ஃபிலிம். மாதம் முடிந்ததும் அதைப் பம்பாய்க்கு அனுப்பினால், கழுவிப் பார்த்து, நம் மேல் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று சொல்வார்கள். சாயங்காலம் அங்கேயே மாட்டிவிட்டு வர வேண்டும் என்பது விதி. ஒரு சனிக்கிழமை நான் அதைப் புடவையோடு குத்திக்கொண்டே ஊருக்கு வந்தேன். மறதியெல்லாம் இல்லை, பந்தாதான். பஸ்ஸில் நாலு பேர் பார்க்கட்டுமே!

அப்பா பெருமுக்கல் பக்கம் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, பயிர் வைக்கிறவர். "இதுல இன்னாம்மா தெரியும்?" என்றார்.

"என் மேல எவ்ளோ கதிர் பட்டுதுன்னு தெரியும்பா."

"எம்மாம் பட்டுது?"

"ஃபிலிம் எவ்ளோ கருத்திருக்குன்னு பாத்து, மாசம் முடிஞ்சாதான் சொல்லுவாங்க."

பேட்ஜை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு மாட்டைக் கவனிக்கப் போனார்.

அடுத்த மாதம் கடிதம் வந்தது. என் ஃபிலிம் முழுக்கக் கருத்திருக்கிறது, அளவு சொல்ல முடியவில்லை, காரணம் எழுதவும், அதுவரை கதிர்மருந்தைத் தொடக் கூடாது. பிரிவுத் தலைவியான டாக்டரம்மா மகா கண்டிப்பு. "வெளிச்சத்துல தொறந்தியா? இவ்ளோ அலட்சியமா இருந்தா எப்படிப் பர்மனென்ட் பண்றது?" என்றார். ரத்தப் பரிசோதனைக்கு வேறு எழுதினார்.

அழுதுகொண்டே ஊருக்குப் போனேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அப்பா, முழுக்கக் கேட்டுவிட்டு வாளியைக் கீழே வைத்தார்.

"நான்தாம்மா பிரிச்சேன். நீ வந்த மறுநா மத்தியானம் தூங்கிக்கினு இருந்தே. மாசம் முடியற வரைக்கும் எனக்குத் தாங்கல. பாத்தா ஒண்ணும் கருப்பே இல்ல. அப்பாடான்னு ஒட்டி வெச்சிட்டேன்."

"எதாலப்பா ஒட்டினே?"

"சோத்துப் பருக்கைலதான்."

கழுவாத ஃபிலிமில் எதுவுமே தெரியாது, வெளிச்சம் பட்டதுமே அது பாழ் என்று அவருக்கு எப்படித் தெரியும்? எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் அப்பாவும் வந்தார். டாக்டரம்மா அறை வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போய், "பொண்ணு மேல தப்பு இல்லீங்க, நான்தான். எதுல எழுதித் தரணும் சொல்லுங்க" என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: 'மகள் உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்து, பிரித்துப் பார்த்தேன்.' கையெழுத்துப் போட்டார். டாக்டரம்மா அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காபி சாப்ட்டீங்களா?" என்று அப்பாவைக் கேட்டார்.

ரத்தத்தில் ஒரு குறையும் இல்லை. வேலையும் நிரந்தரமானது. அதிலிருந்து மாதாமாதம் என் அளவை அப்பாவுக்குக் கார்டில் எழுதிவிடுவேன். அந்த எண் அவருக்குப் புரியாது. ஊருக்குப் போனால், "போன மாசத்தவிட கம்மியாம்மா?" என்று மட்டும் கேட்பார்.

புள்ளி குத்துகிற ஸ்கேனர் போய்விட்டது. ஃபிலிம் பேட்ஜும் போய்விட்டது. நான் ஓய்வு பெறுவதற்குள் சட்டைப்பைக்குள் வைக்கிற கருவி வந்து, அந்த நொடியே எண்ணைக் காட்டியது. எதையும் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. வேலையின் கடைசி நாளில்கூட எடுத்துப் பார்த்தேன். போன மாதத்தைவிடக் கம்மிதான், அப்பா.