வாக்கோவர் துரையின் மகள்

பேட்டி எடுக்க வருகிறவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. முதல் கோப்பையை எப்போது வாங்கினீர்கள் என்பார்கள். ஒரு வங்கியின் சம்பளத்தில் பல ஆண்டுகள் ஊர் ஊராகப் போய் இறகுப்பந்து ஒற்றையர் ஆட்டம் ஆடியவள் நான். எத்தனையோ பேரிடம் தோற்றிருக்கிறேன், ஏதோ கொஞ்சம் ஜெயித்தும் இருக்கிறேன். தோற்ற கதைகளைக் கேட்டால் கூசாமல் சொல்வேன். இந்தக் கேள்வி வந்தால் மட்டும் இரண்டாவது கோப்பையை முதல் கோப்பை என்று சொல்லிச் சமாளித்துவிடுவேன். முதல் கோப்பையை நினைத்தால் இந்த வயதிலும் முகம் சுடுகிறது.

எழுபதுகளின் நடுவில் போடியில் பேட்மிண்டன் என்றால், பக்கத்துக்கு ஐந்து பேர் நின்று கம்பளிப் பந்தை அடிக்கும் பூப்பந்துதான். இறகு வைத்த பந்தைப் பார்த்தவர்கள் குறைவு. அப்பா மலைமேல் ஓர் ஏலத்தோட்டத்தில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தார். அங்கே முதலாளிமார் கிளப்பில் கழித்துப்போட்ட மட்டை ஒன்றையும், இறகு பிய்ந்த பந்துகள் கொஞ்சத்தையும் ஒரு தடவை மூட்டை கட்டிக் கொண்டுவந்தார். ஆனால் கணவாயிலிருந்து இறங்கும் காற்றில் வெளியே ஆட முடியாது. அடித்த பந்து அடித்தவளிடமே திரும்பி வரும். ஏலக்காய் வியாபாரம் பார்த்த பெரியப்பாவின் சரக்குக் கிட்டங்கிதான் எனக்கு இடம் கொடுத்தது. மூட்டைகள் லோடு ஏறிப் போய்விட்ட மாதங்களில் நடுவே கயிற்றைக் கட்டி, அண்ணன்மாரைக் கெஞ்சி எதிரே நிறுத்தி ஆடுவேன். மூச்சு வாங்கும்போதெல்லாம் ஏலக்காய் வாசனை நெஞ்சு வரைக்கும் இறங்கும்.

பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடங்களுக்கான வட்டாரப் போட்டிக்குப் போனேன். அங்கே இறுதி ஆட்டத்தில், பக்கத்து ஊரான தேவாரத்திலிருந்து வந்த ஒரு பெண் என்னைத் துவைத்துக் காயப்போட்டாள். என்னைவிட மூத்தவள், நீளமான கைகள். நான் முன்னால் ஓடினால் பந்து பின்னால் விழும். பின்னால் ஓடினால் வலையை ஒட்டிச் சொத்தென்று விழும். அவளுக்கு வியர்க்கக்கூட இல்லை. முடிந்ததும் கைகொடுத்துவிட்டு, "பந்தப் பாக்காம என்னையவே பாத்துக்கிட்டு நிக்கிற. அதான்" என்றாள். திமிராகச் சொல்லவில்லை, இருக்கிறதைச் சொன்னாள். அதற்குப் பிறகு எனக்கு இருந்த ஒரே ஆசை அவளை ஒருமுறையாவது ஜெயிக்க வேண்டும் என்பதுதான்.

வட்டாரத்தில் முதல் இரண்டு இடம் பெற்றவர்கள் மதுரையில் நடக்கும் மாவட்டப் போட்டிக்குப் போக வேண்டும். சிறுமியர் ஒற்றையருக்கு மாவட்டம் முழுவதிலிருந்தும் வந்திருந்த பெயர்கள் இரண்டே இரண்டு. ஒன்று அவளுடையது, இன்னொன்று என்னுடையது. அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. பெரியப்பாதான் கூட்டிப்போனார். அவருக்கு மதுரையில் வேறு சோலியும் இருந்தது. அரங்க வாசலில் என்னை விட்டுவிட்டு, "நீ ஆடிக்கிட்டிரு ஆத்தா, நான் கீழமாசி வீதி வரைக்கும் போயிட்டு வெரசா வந்துர்றேன்" என்று கிளம்பிவிட்டார்.

உறை போட்ட மட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மைக்கில் அவள் பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள். வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் நடுவர் என் பக்கத்தில் வந்து, "அந்தப் பொண்ணு வரலம்மா. நீ ஆட வேண்டியதில்ல, கப்பு ஒனக்குத்தான்" என்றார். தப்பித்தோம் என்றுதான் முதலில் தோன்றியது. மேடைக்குக் கூப்பிட்டுக் கோப்பையைக் கையில் கொடுத்தபோதுதான் உடம்பு கூசியது. மட்டையை உறையிலிருந்து எடுக்கக்கூட இல்லை நான். மைக்கில் என் பெயரைச் சொல்லி, எதிராளி வராததால் ஜெயித்தவள் என்பதை இங்கிலீஷில் "வின்னர் பை வாக்ஓவர்" என்றார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் பெரியப்பா உள்ளே நுழைந்தார்.

எங்கள் மலையைவிட்டு வெள்ளைக்காரர்கள் போய்ப் பல காலம் ஆகியும் அவர்கள் பெயர்கள் போகவில்லை. இந்தத் துரை தோட்டத்துக் காய், அந்தத் துரை பங்களா ரோடு என்றுதான் வியாபாரிகள் பேசிக்கொள்வார்கள். பெரியப்பாவும் அந்தப் பேச்சிலேயே வளர்ந்தவர். அவர் காதில் விழுந்த வாக்ஓவர் நேராகப் போய் ஒரு துரையின் பெயராக உட்கார்ந்துகொண்டது.

"யாரு ஆத்தா அந்த வாக்கோவர்? மூணாறுப் பக்கமா, கொடைக்கானலா?" என்று கேட்டார்.

"அப்படி ஆளே இல்ல பெரியப்பா. வர வேண்டிய பிள்ள வரல. நான் ஆடவே இல்ல."

"அடக்கம் வேணும்தான், அதுக்காக இம்புட்டா?" என்று என் தலையைத் தடவினார். "தொர மகளையே செயிச்சிருக்க. தைரியமா வெளிய சொல்லு தாயி."

பஸ்சு உசிலம்பட்டியைத் தொட்டபோது பெரியப்பாவின் பேச்சில் வெறும் வெள்ளைக்காரப் பிள்ளையாக இருந்தவள், ஆண்டிபட்டி தாண்டும்போது ஆறடி உயரமாகிவிட்டாள். தேனியில் அவளுக்குப் பூனைக்கண் வந்தது. பக்கத்து சீட்டுக்காரர் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டு வந்தார். நடுவில் நான் இன்னும் ஒரு முறை உண்மையைச் சொல்லப் பார்த்தேன். "பாருங்க, பேசவே கூச்சப்படுது" என்று பெரியப்பா அவரிடம் என்னைக் காட்டினார். அவரும் என் கன்னத்தைக் கிள்ளினார்.

மறுநாள் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பில் மைக் கட்டினார்கள். கழுத்தில் மாலையும் கையில் கோப்பையுமாக என்னை முன்னால் நிறுத்தி, பஸ் ஸ்டாண்டிலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் ஊர்வலம். வாக்கோவர் துரையின் மகளை மண்ணைக் கவ்வ வைத்த நமது ஊர் வீராங்கனை வருகிறார் என்று பெரியப்பாவே மைக்கில் சொல்லிக்கொண்டு வந்தார். கமிஷன் கடைக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஜீப் பள்ளத்தில் விழுந்து அப்படியே கவிழ்ந்துவிடாதா என்று இருந்தது எனக்கு. பள்ளிக்கூட வாசலில் எல்லா டீச்சர்களும் நின்றார்கள். இங்கிலீஷ் டீச்சர் மட்டும் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிட்டார். அவருடைய தோள் குலுங்கியது. அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. வெட்கம் என்றால் இன்னதென்று எனக்குப் புரிந்தது அந்தத் தோளைப் பார்த்துத்தான்.

கோபம் முழுவதும் தேவாரத்துப் பெண்ணின் மேல் திரும்பியது. அவள் ஒழுங்காக வந்திருந்தால் அரை மணி நேரத்தில் தோற்று, சத்தம் காட்டாமல் ஊர் வந்து சேர்ந்திருப்பேன். எந்தக் கல்யாணத்தில் உட்கார்ந்து லட்டு தின்றாளோ என்று கரித்துக்கொட்டினேன்.

அந்த மாதமே பெரியப்பாவின் கடைக்கு ஏலக்காய் போடும் தேவாரத்துக்காரர் ஒருவர் வெற்றிலை பாக்கோடு வந்தார். மகள் பெரிய மனுஷியாகிவிட்டாள், சடங்கு வைத்திருக்கிறோம், குடும்பத்தோடு வரவேண்டும் என்றார். பெரியப்பா என்னையும் கூட்டிப்போனார், கோப்பையை ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கையோடு எடுத்துக்கொண்டார். பந்தலுக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். சிவப்புப் பட்டும் மாலையுமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். அந்த நீளமான கைகளில் முழங்கை வரை வளையல்கள். மதுரைக்கு ஏன் வரவில்லை என்பது புரிந்தது. புரிந்துவிட்டதாக நினைத்தேன் என்று சொல்ல வேண்டும். சடங்கு முடிகிற வரைக்கும் வெளியே விடமாட்டார்கள், முடிந்ததும் பழையபடி ஆட வந்துவிடுவாள், காய்ச்சல் விட்டுப் பள்ளிக்கூடம் வருகிற மாதிரி என்பதுதான் என் கணக்கு.

பெரியப்பா விபூதி பூசிவிட்டு, பையிலிருந்து கோப்பையை எடுத்து அவள் மடியில் வைத்தார். "பிடிச்சுப் பாரு தாயி. வாக்கோவர்னு ஒரு தொர மக. நம்ம பிள்ள அவளப் பந்தாடிட்டு வாங்கியாந்தது" என்றார்.

அவள் கோப்பையில் பொறித்திருந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இதோ உண்மையைப் போட்டு உடைக்கப்போகிறாள், இத்தனை பேர் முன்னால் மானம் போகப்போகிறது என்று தரையைப் பார்த்தபடி நின்றேன்.

அந்த நிமிஷம் பெரியப்பாவின் பொய்யை நான் சபித்த சபிப்பு கொஞ்சமல்ல. ஆனால் மறு ஆண்டு எனக்கும் சடங்கு வைத்தார்கள். ஆடியது போதும் என்று அத்தை என் மட்டையைத் தூக்கிப் பரணில் போட்டாள். அப்போது வீட்டில் குதித்தவர் பெரியப்பா ஒருவர்தான். "தொர மகளச் செயிச்சவன்னு ஊரு பூராச் சொல்லி வச்சிருக்கேன். இப்ப இவள வீட்டுல பூட்டுனா என் மூஞ்சிய எங்கிட்டுக் கொண்டு வச்சுக்கிர்றது?" என்று சத்தம் போட்டார். மட்டை இறங்கி வந்தது. பின்னால் நான் ஆடிய ஆட்டங்கள், வங்கி வேலை, பேட்டி எல்லாம் அந்தச் சத்தத்தால் வந்தவை. தேவாரத்து வீட்டில் அப்படிச் சத்தம் போட ஆள் இல்லை. பந்தலில் நின்ற அன்று இதில் ஒன்றும் எனக்குத் தெரியாது.

நாற்காலியில் இருந்தவள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. "அந்த வாக்கோவர் நல்லா ஆடுவாளா?" என்று என்னிடம் கேட்டாள்.

"ஆடுவா" என்றேன். "என்னைய விட நல்லா ஆடுவா."

"அப்ப சரி" என்று கோப்பையைப் பெரியப்பாவிடம் திருப்பிக் கொடுத்தாள். அவர் மனம் குளிர்ந்து பந்திக்குப் போனார்.

எனக்குப் போக மனமில்லை. காட்டிக்கொடுக்காமல் விட்டாளே என்ற நன்றி ஒரு பக்கம், அந்தக் கோப்பை அவளுடையது என்ற கூச்சம் ஒரு பக்கம். எப்படியாவது கணக்கை நேர்செய்துவிட வேண்டும் என்று தவித்தேன். பெண்கள் அவளைச் சுற்றி நின்று சந்தனம் பூசிக்கொண்டிருந்தார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு போய், "அடுத்த வருசம் மதுரைக்கு வருவேல்ல? நெசமாவே ஆடுவோம். செயிக்கிறவ கப்ப வச்சுக்குவோம்" என்றேன்.

"ஆடவா?" என்றாள் சந்தனக் கிண்ணத்தை வைத்திருந்த ஒருத்தி. "இனிமே இவ தொட்டில்தான் ஆட்டணும்."

பந்தலே சிரித்தது. அவளும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்த மாதிரி இருந்தது. எல்லோரும் சிரித்ததால் நானும் சேர்ந்து சத்தமாகச் சிரித்தேன். அந்தக் குனிந்த தலையை, வருகிறேன் என்று ஆட்டிய தலையாகவே எடுத்துக்கொண்டேன். பஸ்சில் திரும்பி வரும்போது, அவளை ஜெயிக்க இன்னும் ஒரு வருசம் முழுசாக இருக்கிறது என்று எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.