முழங்காலில் நிற்காத மகள்

மாலை ஆறு மணிக்கு, மன்னாரில் எங்கள் ஊரான தாழ்வுபாட்டுக் கோயில் மணி அடித்தால் இன்றும் அம்மாவின் குரல்தான் எனக்கு முதலில் கேட்கிறது. "கதையை விட்டிட்டு வாங்கோ, செபம் சொல்லுவம்." மாதா சுரூபத்துக்கு முன்னால் பாய் விரித்து எல்லோரும் முழங்காலில் நிற்கவேண்டும். செபமாலை முடியும்வரை அம்மா இடுப்பைக்கூட வளைக்கமாட்டார். அந்த அரை மணித்தியாலத்துக்கு இப்போது ஏங்குகிறேன். அப்போதோ பயந்து செத்தேன்.

எனக்கு லூப்பஸ், உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய். முகத்தில் சிவப்புப் படர்ந்தபோதும் தலைமயிர் கொட்டியபோதும் அம்மா என்னோடு சேர்ந்து அழுதார். மருந்தில் அதெல்லாம் அடங்கியபின், முழங்காலுக்குச் சற்றுக் கீழே ஒரு நோ தொடங்கியது. அதை மட்டும் அவர் நம்பவில்லை. பார்த்தால் வீக்கமில்லை, இரத்தச் சோதனையில் ஒன்றுமில்லை, எக்ஸ்ரேயிலும் ஒன்றுமில்லை. நான் முழங்காலில் நிற்காமல் கதிரையில் இருந்து செபம் சொல்லத் தொடங்கினேன்.

"மாதாவுக்கு முன்னால கதிரை போட்டு இருக்கிற பெரிய மனிசி," என்றார் அம்மா. "செபம் சொல்லக் கள்ளம், அதுக்கு ஒரு வருத்தத்தின்ர பேர்."

எனக்கும் வாய் சும்மா இருக்காது. "அப்ப என்ர காலை எடுத்துக்கொண்டு உங்கட காலைத் தாங்கோ," என்றேன். அதன்பிறகு இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பெற்ற தாயே என்னைப் பொய்க்காரி என்று நினைத்துவிட்டாரே என்பதுதான் நோவைவிட என்னைத் தின்றது.

யாழ்ப்பாணத்துக் கிளினிக்குக்கு அம்மாவும் வந்தார். ஸ்கான் செய்து பார்ப்போம் என்றார் டொக்டர். "காலுக்கும் ஸ்கானோ?" என்று அம்மா என் காதுக்குள் கேட்டார். எங்கள் ஊரில் ஸ்கான் என்றால் பிள்ளைத்தாச்சிகளுக்குத்தான். டொக்டர் குளிர்ந்த ஜெல்லைப் பூசி, நோகும் இடத்தில் கருவியை மெல்ல ஓட்டினார். திரையில் கருமைக்குள் சிவப்புப் பொட்டுகள் மினுங்கின.

"மூட்டுக்குள்ள ஒண்டுமில்லை அம்மா. தசைநாண் எலும்பில ஒட்டுற இடத்திலதான் அழற்சி. இது எக்ஸ்ரேயில தெரியாது. லூப்பஸ்காரருக்கும் இப்பிடி வாறதுண்டு."

அம்மா எழுந்து திரைக்குக் கிட்டப் போனார். "முழங்காலில நிண்டா நிலத்தில முட்டுற இடமெல்லே அது?"

"ஓம், அதே இடம்தான்."

பஸ்ஸில் மன்னார் வந்து சேர்ந்தோம். மாலை மணி அடித்ததும் என் கதிரையை எடுக்கப் போனேன். மாதாவுக்கு முன்னால் ஏற்கனவே இரண்டு கதிரைகள் போட்டிருந்தன. ஒன்றில் அம்மா செபமாலையோடு இருந்தார்.

"எனக்கும் இண்டைக்கு முழங்கால் நோகுது," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

கடைசிவரை அவர் செபம் சொன்னது அந்தக் கதிரையில் இருந்துதான். விடிந்தால் மட்டும், வலையில் காயப்போட்ட நெத்தலி மீனை வெறும் மணலில் முழங்காலூன்றி நின்று புரட்டிக்கொண்டிருப்பார்.