ஒட்டகச்சிவிங்கியின் பின்னங்கால்

எங்கள் ஊர் ஏரிப் பூங்காவுக்கு வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது சிமெண்டு ஒட்டகச்சிவிங்கி. கழுத்து சரியாக அமையவில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு கழுதை சுவருக்கு மேல் எட்டிப் பார்ப்பது போல இருக்கும். அதற்குக் கீழேதான் எங்கள் அப்பா இருக்கிறார்.

பூங்கா வருவதற்கு முன்பு அது ஏரி. ஏரி என்றதும் தண்ணீரை நினைத்துக்கொள்ள வேண்டாம். நல்ல மழை பெய்த வருடம் மட்டும் தண்ணீர். மற்ற நாளெல்லாம் கருவேல முள்ளும் கோழிக்கடைக் கழிவும். கரையோரம் ஒரு சப்பட்டைப் பாறை இருந்தது. எங்கள் தெருவில் யார் செத்தாலும் எலும்பைப் பவானியில் கரைத்துவிட்டு, ஒரு கைப்பிடி சாம்பலை மட்டும் அந்தப் பாறையடியில் விடுவார்கள். மொத்தமாக வெளியூரில் விட்டுவிட்டால் செத்தவருக்கு ஊர் திரும்ப வழி தெரியாதாம். அப்பாவையும் அங்கேதான் விட்டோம்.

பிறகு ஏரியின் ஒரு பக்கத்தை மேடாக்கிப் பூங்கா கட்டினார்கள். மண் கொட்டிய டிப்பர் லாரியை ஓட்டியது என் அண்ணன். வெண்ணந்தூர் ரோட்டில் இடித்த கட்டடங்களின் கல், ஓடு, உடைந்த கக்கூஸ் பீங்கான் என்று கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்து கொட்டினான். பாறையை மூடப்போகிற அன்று அம்மா அழுதாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அப்பாவுக்கு மேல மெத்தை போடறேன்னு நெனச்சுக்க" என்றான். அம்மா கரண்டியாலேயே ஒன்று வைத்தாள். ஒட்டகச்சிவிங்கி வந்த பிறகு, அதன் பின்னங்கால் நிற்கிற இடம்தான் பாறை என்று எனக்கு மட்டும் காட்டிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

போன தை மாதம் அண்ணன் செத்துப்போனான். லாரியில் எங்கெங்கோ போய் வந்தவன், பைக்கில் டீ குடிக்கப் போகும்போது பைபாஸில் செத்தான். அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை.

பவானி போய் வந்த மறுநாள், மிச்சம் வைத்திருந்த சாம்பலை அம்மா ஒரு எவர்சில்வர் போசியில் போட்டு மூடினாள். அப்பா பக்கத்தில் விட வேண்டும் என்றாள். பூங்காவில் விடமாட்டார்கள் என்றேன்.

"அவங்கப்பன் இருக்கற எடத்துக்குப் போறதுக்கு எவங்கிட்ட அம்மிணி கேக்கோணும்?"

கிளம்பிவிட்டோம். வாசலில் வாட்ச்மேன் போசியைப் பார்த்து, வெளிச் சாப்பாடு கொண்டுபோகக் கூடாது என்று போர்டைக் காட்டினார். சாப்பாடு இல்லை என்று அம்மா சொன்னதை நம்பாமல் மூடியைத் திறந்தார்.

"இதென்னம்மா, மாவுங்களா?"

"எம்பையனுங்க."

அவர் மூடியைப் போட்ட வேகத்தில் விரல் நசுங்கியிருக்கும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் கூடவே வந்து மூக்கு ஒழுகியது. அம்மா முறைத்தாள்.

தன் வேலை போய்விடும் என்று அவர் கெஞ்சினார். தன் புருசனை விட்டபோது இந்த கேட் இருந்ததா என்று அம்மா கேட்டாள். அவர் ரோட்டை எட்டிப் பார்த்தார். வாக்கிங் ஆட்கள் வருவதற்குள் முடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு விலகினார்.

அம்மா நேராக நீரூற்றுக்குப் போனாள். பூங்காவில் அது ஒன்றுதான் தண்ணீர், அதனால் பாறை அங்கேதான் இருக்கும் என்று அவள் கணக்கு. அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் திறந்துவிடுவார்கள் என்று சொல்லிக் கையைப் பிடித்து இழுத்தேன். ஒட்டகச்சிவிங்கியிடம் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னேன். அம்மா அதை அண்ணாந்து பார்த்தாள்.

"இத்தன எடமிருக்க, இதோட குண்டிக்கு அடியிலயா?"

குத்த வைத்துக் கையால் தோண்டினேன். ஓட்டுச் சில்லு நகக்கண்ணில் ஏறியது. வாட்ச்மேன் முனகிக்கொண்டே கடப்பாரை எடுத்து வந்தார்.

"எவன் கொட்டுன மண்ணோ, ஒரே கல்லு."

"எம்பையன் கொட்டுனதுங்க" என்றாள் அம்மா. "எந்த வேலயத்தான் ஒழுங்காச் செஞ்சான் அவன்."

குத்திக் குத்தி ஒரு குழி வந்தது. அம்மா போசியைச் சாய்த்தாள். உள்ளே ஒட்டியிருந்ததை விரலால் வழித்துப் போட்டாள். வாட்ச்மேன் செடிக்கு விடுகிற ஓஸ் பைப்பை இழுத்து வந்து தண்ணீர் விட்டார். சாம்பல் கல் சந்துகளில் இறங்கிக் காணாமல் போனது. இறங்கி முடியும் வரை அம்மா தண்ணீரை நிறுத்த விடவில்லை.

கிளம்பும்போது ஆடி அமாவாசைக்கு வருவோம் என்று சொன்னாள்.

"அன்னைக்கு வேற ஆளு டூட்டிங்கம்மா."

"அவருகிட்ட இப்பவே சொல்லி வெச்சிருங்க. வருசா வருசம் புருசனையும் பையனையும் பத்தி வெளக்கஞ் சொல்லிட்டிருக்க என்னால முடியாதுங்க."