இணைப்பில்லாத பக்கம்

வலைப்பக்கங்களின் முகத்தைச் செய்வது என் தொழில். பின்னால் ஓடும் கணக்கு வழக்கையெல்லாம் வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள். எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும், பட்டனை எங்கே வைக்கவேண்டும், செல்போனில் திறந்தால் படம் எப்படித் தெரியவேண்டும் என்பதெல்லாம் என் பாடு. கல்லூரியில் படித்தது வணிகவியல். படிப்பு முடிந்ததும் முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கப் போனேன். அச்சகக்காரர் தன் கடைக்கு ஒரு வெப்சைட் வேண்டும் என்றார். வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து நானே எழுதினேன். அதற்கப்புறம் பத்திரிகை வேலையில் மனம் ஒட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் காலாப்பட்டு வரை போவேன். அங்கே ஒரு டீக்கடையில்தான் அவன் பழக்கமானான். என் வயதுதான். மீன்பிடிக் குடும்பம். அப்பா போனபின் தங்கையோடு சேர்ந்து மாடியில் இரண்டு அறை கட்டி, வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தான். தங்க வருகிறவர்களைத் தானே போட்டில் ஏற்றிக் கடலுக்கு அழைத்துப்போவான்.

“எங்க வூட்டையும் நெட்டுல போட்டு வுடேன்பா. ஃபோட்டோவும் புடிக்கிற, கம்ப்யூட்டரும் தெரியுது. ஒனக்கு என்னா கஷ்டம்?” என்றான் ஒருநாள்.

செய்துகொடுத்தேன். முகப்புக்கு நான் எடுத்த படமே. கரையில் நிற்கும் போட்டில் ஏறி நின்று கையசைக்கிறான். பின்னால் காலைநேரத்துக் கடல். அந்தப் படத்தோடு நிறைய மல்லுக்கட்டினேன். கம்ப்யூட்டரில் எல்லாம் தெரியும். செல்போன் அகலத்துக்குக் குறுக்கினால் இரண்டு பக்கமும் வெட்டுப்பட்டு, அவன் முகத்தில் பாதி காணாமல் போகும். ஒவ்வொரு அகலத்துக்கும் தனித்தனியாகச் சரிசெய்தேன். திரையை இழுத்துச் சுருக்கச் சுருக்கக் கடல் போகும், போட்டு போகும், கடைசியில் அவனும் தூக்கிய கையும் மட்டும் நிற்கும். அவன் முகத்தை அவன் வீட்டார்கூட அத்தனை முறை பார்த்திருக்கமாட்டார்கள்.

அடுத்த வருடம், கடற்கரைச் சாலையைக் கடக்கும்போது ஒரு கார் அடித்து அவன் செத்துப்போனான். சாவு வீட்டில் அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “கடலு வுட்டுது தம்பி, ரோடு வுடல” என்றார். திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னார்.

கொஞ்ச நாள் கழித்து அவன் தங்கை ஃபோன் செய்தாள்.

“அண்ணா, அந்தப் படத்த எடுத்துடுங்க. ஃபோன் பண்றவங்கல்லாம், அந்தக் கை காட்றவரு போட்டுல கூட்டிம்போவாரான்னு கேக்கறாங்க. ஒவ்வொருத்தருக்கும் நான் என்னான்னு சொல்றது?”

அன்றே எடுத்துவிட்டேன். வெறும் கடலைப் போட்டேன்.

அடுத்த ஞாயிறு அவர்கள் வீட்டுக்குப் போனபோது அவன் அம்மா வாசலிலேயே நிறுத்திக் கேட்டார். “எம்புள்ளய எங்க தம்பி வச்சிருக்க?”

எனக்குப் புரியவில்லை. அவர் செல்போனை நீட்டினார். காலையில் எழுந்ததும் அந்தப் பக்கத்தைத்தான் திறந்து பார்ப்பாராம். கடல்மட்டும் வந்ததும் கலங்கிப்போயிருக்கிறார். படத்தை ஃபோனிலேயே ஏற்றித் தருகிறேன் என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினார். “அது வேணாம். அவன் அங்கதான இருந்தான்.”

தங்கை உள்ளே மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தே பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து, அதே தளத்துக்குள் தனியாக ஒரு பக்கம் செய்தேன். எங்கிருந்தும் அதற்கு இணைப்பு கிடையாது. முகவரி தெரிந்தால் ஒழிய யாரும் போகமுடியாது. தேடினாலும் அகப்படாது. உள்ளே அவன் படம்மட்டும். மறுநாள் போய், அம்மாவின் ஃபோனில் ஒருமுறை தொட்டால் திறக்கும்படி வைத்துக்கொடுத்தேன்.

ஆனால் அவன் அங்கேமட்டும் இருக்கவில்லை. பெரிய மார்க்கெட் பக்கம் ஒரு நகைக்கடைக்குப் புதுத் தளம் செய்து, முதலாளிக்கும் அவர் மகனுக்கும் காட்டிக்கொண்டிருந்தேன். மகன் தன் செல்போனிலும் திறந்தான். நெக்லஸ் இருக்கவேண்டிய இடத்தில் என் காலாப்பட்டு நண்பன் கையசைத்துக்கொண்டு நின்றான்.

“யாருங்க இவரு?” என்றார் முதலாளி.

அவன் தளத்துக்கு எழுதியதை அச்சாக வைத்துத்தான் பிறகு வந்த தளங்களை எல்லாம் செய்திருந்தேன். செல்போன் அகலத்துக்கான படத்தை மாற்ற விட்டுப்போயிருக்கிறது. காரணம் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். “தெரிஞ்சவரு சார், மாத்திடறேன்” என்று சமாளித்தேன். அதற்கப்புறம் எந்தப் பக்கத்தைச் சுருக்கினாலும், கடைசி அகலத்துக்கு வரும்போது என் கை தானாக நிதானிக்கும். இப்போதும் அப்படித்தான்.

அவன் அம்மாவும் ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்ச்சேர்ந்தார். பின்பு ஒருமுறை அவர்கள் தளத்தை வேறு சர்வருக்கு மாற்ற வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் மாற்றினேன். அந்த ஒரு பக்கத்தை மாற்றவில்லை. பார்க்கிறவர்தான் இல்லையே என்று நினைத்தேன்.

மறுநாள் காலையிலேயே தங்கையிடமிருந்து ஃபோன்.

“அண்ணா, அந்தப் பக்கம் தெறக்க மாட்டேங்குது.”

“எந்தப் பக்கம்மா? ரூம் புக் பண்றதா?”

“இல்ல. அம்மாவுக்குப் போட்டுக் குடுத்தீங்களே.”

“நீ பாக்கிறியாம்மா?”

“அம்மா இருக்கும்போதே பாத்துக்கினுதான் இருந்தேன். அது ஃபோன வச்சிட்டு மொகம் கழுவப் போவும் இல்ல, அப்ப எடுத்துப் பாப்பேன். இப்ப அந்த ஃபோனு எங்கிட்டதான் இருக்கு.” “எடுத்துட்டீங்களாண்ணா?”

“இல்லம்மா. சர்வர் மாத்தினேன். இதோ வந்துடும்.”

அவளை லைனிலேயே வைத்துக்கொண்டு பழைய கோப்பைத் தேடி ஏற்றினேன். “இப்பத் தட்டிப் பாரு” என்றேன். அவள் வீட்டு வாசலில் பால்காரர் மணியடிப்பது ஃபோனில் கேட்டது. பிறகு “வந்துட்டாண்ணா” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

போன மாதம், மாடியில் புதிதாகக் கட்டிய அறையைப் படமெடுக்கக் கூப்பிட்டாள். டீ கொடுத்தாள். அந்தப் பக்கத்தைப் பற்றி இரண்டுபேரும் வாய் திறக்கவில்லை. போட்டு ஓட்ட இப்போது உறவுக்காரர் ஒருவர் வருகிறார். கேமராவைப் பார்த்ததும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கரையில் போய் நின்றார்.

“அவரையும் ஒண்ணு எடுத்துடட்டுமா?” என்று கேட்டேன்.

“ஆளு வேணாண்ணா” என்றாள். “ரூம மட்டும் எடுங்க.”